இன்னைக்கு அழுதானா?

மீனம்மா வீட்டில் பிள்ளைகள் தூங்குவதில்லை. தூங்க விட்டால்தானே தூங்கும்.

மஞ்சக்கல் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி அது. புலாவ் செபாங் ரயில் ஸ்டேஷனிலிருந்து மண் ரோட்டில் உள்ளே வந்தால், ரப்பர் மரங்களுக்கு நடுவே முதலில் தெரிவது முள்கம்பி வேலி, அப்புறந்தான் ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள். துப்பாக்கியோடு காட்டுக்குள் பதுங்கிய காட்டுக்காரர்களுக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டை மூண்டு, அதற்கு அவசரகாலம் என்று பெயரும் வைத்து, ஆட்களைக் கம்பிக்குள் அடைத்திருந்த காலம். வேலி போட வந்தவர்கள் லயத்தை உள்ளே சேர்த்தார்கள், முனியாண்டி கோயிலைச் சேர்த்தார்கள், கணக்கெழுதும் கிராணி வீட்டுக் கோழிக்கூண்டைக்கூட விடவில்லை. ஆயாக்கொட்டாயை மட்டும் வெளியே விட்டுவிட்டார்கள். பால்வெட்டப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் கொட்டாய் அது. கம்பிக்கு வெளியே நின்று கறையான் தின்றது. "லயத்திலேயே யாராவது பார்த்துக்கொள்ளட்டும்" என்று துரை சொன்னதாகக் கிராணி வந்து சொன்னார். துரைக்குப் பிள்ளை குட்டி கிடையாது.

அப்படித்தான் இரண்டு வீடுகள் பிள்ளை பார்க்கும் வீடுகளாயின. முதல் லயத்தின் கோடியில், கொட்டாயில் ஆயாவாக இருந்த பாப்பாத்தி வீடு, கடைசி லயத்தின் கோடியில் மீனம்மா வீடு. இரண்டுக்கும் நடுவில் புல் செத்த மைதானம். மைதானத்துக்கு எதிரே கேட்டு. கேட்டுக்கு அந்தப் பக்கம் பால் நிறுக்கிற கொட்டாய்.

மீனம்மா வீட்டுக்குள் போனால் முதலில் மூத்திரத் துணி வாசம் வரும், பிறகு சத்தம். பிள்ளைகள் தரையில் பாய்மேல் கிடக்கும். எந்தப் பிள்ளையையும் அவள் தூளியில் போடமாட்டாள். ஒன்று கண்ணசந்தால் போதும், கிட்டே போய்க் குனிந்து பார்ப்பாள். மூக்குக்கு எதிரே விரலை வைப்பாள். அதிலும் திருப்தி வராது, கால் கட்டைவிரலைச் சுண்டிவிடுவாள். பிள்ளை வீரிட்டால், "இருக்கியா? சரி, இரு" என்பாள். டின்பாலைக் கரைக்குமுன் ஒவ்வொரு தடவையும் மோந்து பார்ப்பாள். கொஞ்சம் புளித்த மாதிரி இருந்தால் யார் வீட்டு டின் என்றுகூடப் பார்க்காமல் சாக்கடையில் கொட்டுவாள். ரேஷன் காலத்தில் பாலைக் கொட்டுகிறவளைப் பற்றி ஊர் என்ன பேசும் என்று சொல்லவேண்டியதில்லை.

ஆனால் ஊரைப் பயமுறுத்தியது இதெல்லாம் இல்லை. அவள் வீட்டு விட்டத்தில் ஒரு தூளி தொங்கியது. சாயம் போன பச்சைச் சேலை. அதில் பிள்ளை இல்லை. அதன் கயிற்றைக் கால் விரலில் மாட்டிக்கொண்டு, துணி கசக்கும்போதும் அரிசியில் கல் பொறுக்கும்போதும் மீனம்மா அதை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வெறும் தூளியை ஆட்டினால் பிள்ளைக்கு வயிறு வலிக்கும் என்பது நம் ஆட்களில் யாருக்குத் தெரியாது? பிள்ளை பார்க்கிறவளே அதைச் செய்தால் எந்தத் தாய்க்கு நெஞ்சு கொள்ளும்?

தனக்கோடிக்குக் கொள்ளவில்லை. அவளும் புருஷன் மருதமுத்துவும் பல வருஷம் பிள்ளைக்கு ஏங்கி, முனியாண்டிக்குக் கிடா நேர்ந்து, கடைசியில் பெற்ற பிள்ளை பாலகிருஷ்ணன். பாலு என்று கூப்பிடுவார்கள். ஆயாக்கொட்டாய் இருந்த காலமென்றால், காலை வெட்டு முடிந்து மரத்தில் கட்டிய மங்கில் ரப்பர் பால் வடிகிற நேரத்தில் தாய்மார் ஓடிவந்து பிள்ளைக்கு மார் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். இப்போது இருட்டு விலகி கேட்டைத் திறந்துவிட்டால், சோதனைக்காரி மடியையும் முந்தியையும் தடவிப் பார்த்து காட்டுக்காரனுக்குப் போகிற சோறு ஒரு பிடிகூட இல்லை என்று உறுதியான பிறகுதான் வெளியே விடுவார்கள். போனால் போனதுதான். மத்தியானம் பால் நிறுத்துக் கொட்டிய பிறகே மறுபடி உள்ளே வரலாம். தனக்கோடி மரத்துக்கு மரம் ஓடும்போது நெஞ்சில் பால் கட்டி ரவிக்கை நனையும். பிள்ளைக்கு டின்பால்.

அந்த டின்பாலும் ஒழுங்காகக் கிடைத்ததா? கடைக்கார ஜமாலுதீன் நானா டின்னை முழுசாகக் கொடுக்கக் கூடாது என்பது சர்க்கார் உத்தரவு. முழு டின் காட்டுக்குப் போய்விடுமாம். "என்னா செய்றது தாயி, ஆர்டர்" என்று சொல்லிக்கொண்டே ஆணியை வைத்து இரண்டு குத்து குத்தித்தான் நீட்டுவார். குத்தின ஓட்டையில் எறும்பு ஏறும், பால் புளிக்கும். பாலுவுக்கு வயிறு போனது.

"ஏன்க்கா, புள்ள கண்ணு செவந்து கெடக்கு. இன்னைக்கும் தூங்க வுடலியா?" என்று ஒரு மத்தியானம் தனக்கோடி கேட்டாள்.

"தூங்குனான்லா. கொஞ்சம் தூங்குனான்" என்றாள் மீனம்மா.

"கொஞ்சம்னா?"

"மூச்சு சின்னதா வந்துச்சி. அதான் எழுப்பிட்டேன்."

"சின்னப் புள்ளைக்கு மூச்சு சின்னதாத்தான் வரும். நம்மள மாதிரி கொறட்டையா வுடும்?"

மீனம்மா சிரிக்கவில்லை. "கொறட்டை வுட்டா நல்லதுதான் தனம்" என்றாள்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் இதே பேச்சு. தனக்கோடிக்குப் பக்கத்து மர நிரையில் பால் வெட்டுகிற சுசீலா, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரசங்கமே செய்தாள். அவளுக்கு ஒரு பெண்குழந்தை, கமலவேணி. பாப்பாத்தியிடம் விட்டிருந்தாள்.

"பாப்பாத்தி சின்னம்மா வூட்ட வந்து பாரு தனம். கூட்டி, மொழுகி, சாம்பிராணி போட்டு, கோயிலாட்டம் இருக்கும். புள்ளைங்க வரிசையா தூளில தூங்குதுங்க. ஒரு சத்தம்? ஒரு பொட்டுச் சத்தம் கெடையாது. ஆஸ்பத்திரி டிரஸ்ஸரே வந்து பாத்துட்டு, எல்லா வூடும் இப்படி இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாரு."

"மீனம்மாக்கா கெட்டவங்க இல்லடி. மோந்து பாத்துத்தான் பால் குடுக்குறாங்க."

"கெட்டவன்னு நான் சொன்னேனா? அந்த வெறுந்தூளில ஒக்காந்திருக்கிறது யாருன்னு நெனைக்கிறே? செத்துப்போன அவ புள்ள. அதுக்குத் தொணைக்கு ஒரு புள்ள வேணும்னுதான் ஆட்டிக்கிட்டு இருக்கா. அப்படித்தான் எல்லாரும் சொல்றாங்கலா."

அன்று ராத்திரி பாலு முனகியபோதெல்லாம் அவளுக்குப் பச்சைச் சேலைதான் நினைவுக்கு வந்தது. மருதமுத்துவுக்கும் தூக்கம் போனது. "மாத்திடு புள்ள" என்றான். அவனும் பகலெல்லாம் பால் வாளி தூக்குகிறவன், அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் பிள்ளையை எடுத்துப் போகும்போது தனக்கோடி வாசலில் நின்றே சொன்னாள்.

"நாளையிலேர்ந்து பாப்பாத்தி சின்னம்மாகிட்ட வுடப் போறேன்க்கா."

மீனம்மா கயிற்றைக் கால் விரலிலிருந்து கழற்றினாள். தூளி தானாகக் கொஞ்சம் ஆடி நின்றது.

"அங்க சத்தமே இருக்காதே தனம்."

"அதுக்குத்தானே போறேன்."

"சத்தம் இல்லாத வூட்டுல புள்ளைய வுடாத. சொல்றதக் கேளு."

பிழைப்பு போகிறதே என்ற ஆத்திரம் பேசுகிறது என்று தனக்கோடி நினைத்தாள். யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். மீனம்மா அவள் முகத்தைப் பார்க்காமல் பாயைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நான் அப்ப செர்காம் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தேன். ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி. புள்ளைய ஆயாகிட்ட வுட்டுட்டு வெட்டுக்குப் போவேன். ஒருநாளு வந்து பாக்குறேன், தூளி ஆடுது. ஆயா ஒக்காந்து ஆட்டிக்கிட்டு இருக்கா. 'நல்லா தூங்குறான், எழுப்பாதே'ன்னா. சரி, தூங்கட்டும்னு நானும் வுட்டுட்டேன். போயிக் குளிச்சேன். சோறு வடிச்சேன். கருவாடு சுட்டேன். திரும்ப வர்றேன், இன்னும் ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கா. மார் கனத்துப் போச்சி, இனிமே தாங்காதுன்னு சேலைய விலக்கித் தூக்குறேன் தனம், மரக்கட்டை. எப்பவோ போயிட்டான். நான் கருவாடு சுட்டப்பவே போயிருந்தானா, அதுக்கு முந்தியான்னு தெரியல. தூளில போட்டா மொகம் தெரியாது."

தனக்கோடி பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டாள்: "அப்பறம் ஏன்க்கா வெறுந்தூளிய ஆட்டுறீங்க?"

"நிறுத்துனா போய்த் தூக்கணுமேன்னு தோணும். ஆட்டிக்கிட்டிருந்தா, தூங்குறான்னு இருந்துக்கலாம்."

பாவம் என்று தோன்றியது. ஆனால் பாவத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. இவளிடமா இத்தனை நாளும் என் பிள்ளையை விட்டேன் என்றுதான் தனக்கோடி வழியெல்லாம் நினைத்தாள்.

பாப்பாத்தி வீட்டில் பாலு தூங்கினான். போன முதல் நாளே தூங்கினான். மத்தியானம் தூக்கி வரும்போது தோளில் துணிமூட்டைபோல் கிடந்தான். வீட்டுக்கு வந்தும் தூங்கினான். மருதமுத்து நிம்மதியாகக் குறட்டை விட்டான். வயிற்றுப்போக்கு நின்றது. வாரத்துக்கு வாரம் வாங்கிக்கொண்டிருந்த டின்பால் இப்போது தீரவே இல்லை. பாப்பாத்தியின் கை ராசி என்று தனக்கோடி சந்தோஷப்பட்டாள். மார் கொடுத்தால் பிள்ளை வாயை வைத்துக்கொண்டே தூங்கிப்போவதுதான் ஒரு குறை. அதையும் அவள் குறையாக எண்ணவில்லை. அழுத பிள்ளை அமைதியாகிவிட்டால், ஏன் அமைதியானது என்று எந்த வீட்டில் கேட்டிருக்கிறார்கள்?

கேட்டவள் ஒருத்திதான். தனக்கோடி பிள்ளையோடு மைதானத்தைக் கடக்கும்போதெல்லாம் மீனம்மா சாக்கடை ஓரத்தில் வந்து நிற்பாள். பக்கத்தில் வரமாட்டாள்.

"இன்னைக்கு அழுதானா தனம்?"

நல்லாயிருக்கானா என்று கேட்கலாம், சிரித்தானா என்று கேட்கலாம். பிள்ளை அழுதானா என்று யாராவது ஆசையாகக் கேட்பார்களா? தனக்கோடி முதலில் பிள்ளையை முந்தியால் மூடிக்கொண்டு போனாள். பிறகு, "ஏன், அழணுமா? ஒங்க கண்ணுக்கு அவன் அழுதுகிட்டே இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள். வீட்டுக்குப் போய் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் அவளுக்கும் மருதமுத்துவுக்கும் இருமல் வந்தது. பாலு இருமக்கூட இல்லை, தூங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு அந்த நாள் வந்தது.

பால் எடுத்து முடிகிற நேரத்தில் பக்கத்து டிவிஷன் பக்கமாகத் துப்பாக்கி வெடித்தது. முதலில் ஒன்று, பிறகு பட்டாசுக்கட்டு மாதிரி. மேற்பார்வைக்கார மண்டோர் விசிலை ஊத, எல்லாரும் வாளியோடு கொட்டாய்க்கு ஓடிவந்தார்கள். பாலை நிறுத்தார்கள். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை. பட்டாளம் வந்து சொல்லும்வரை உள்ளே யாரும் போகக் கூடாது, உள்ளேயிருந்து யாரும் வரக் கூடாது. காவலுக்கு நின்றவன் இள வயது மலாய்க்காரன். "தா போலே, காக்கா, தா போலே" என்று, கூடாது அக்கா என்பதையே மலாயில் திரும்பத் திரும்பச் சொன்னான்.

வெயில் உச்சிக்கு ஏறியது. ஆண்கள் கொட்டாய் நிழலில் குந்தினார்கள். தாய்மார் மட்டும் கம்பியை ஒட்டி நின்றார்கள். நேரம் ஆக ஆக மீனம்மா வீட்டிலிருந்து அழுகை கிளம்பியது. ஒன்று ஆரம்பித்தது, இன்னொன்று சேர்ந்தது, பிறகு வீடே அழுதது.

"அது என் பயதான். பசி அழுகை" என்றாள் ஒருத்தி.

"நடுவுல கீச்சுனு இழுக்குதே, அது எம்புள்ள. கோவம் வந்தா அப்படித்தான்."

சுசீலா சிரித்தாள். "மீனம்மாக்கா வூடு பாசார் மாதிரி இருக்கு. எங்க புள்ளைங்களப் பாருங்க. பாப்பாத்தி சின்னம்மா வூட்டுல ஆளு இருக்கிறதே தெரியல."

தனக்கோடியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பாப்பாத்தி வீட்டைப் பார்த்தாள். கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலில் கோலம் கலையாமல் இருந்தது. மற்றவர்களின் பிள்ளைகள் அழ அழ அவளுக்கு மாரில் பால் இறங்கியது. ரவிக்கை நனைந்து முந்தியும் நனைந்தது. விடிவதற்கு முன் கொடுத்தது, அதற்கப்புறம் அவனுக்கு என்ன கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தாள். டின்பால்தான். ஆனால் டின்பால் தீரவே இல்லையே. தீராத டின்னை நினைத்துச் சந்தோஷப்பட்டோமே என்ற இடத்தில் அவள் மனம் முட்டி நின்றது. இத்தனை நேரமாகியும் என் பிள்ளைக்குப் பசிக்கவில்லையா? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பசிக்கிறதே.

காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். அந்த வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அக்கா!" என்று அலறினாள். "மீனம்மாக்கா! என் புள்ள சத்தம் கேக்கலக்கா! போய் எழுப்புங்கக்கா!"

மீனம்மா இடுப்பில் ஒரு பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள். ஒரு கணம் நின்றாள். அப்புறம் பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மைதானத்தில் ஓடினாள். அந்த வயதில் அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. பாப்பாத்தி வாசலை மறித்தாள்.

"இப்பத்தான் தூங்குதுங்க. எதுக்கு இங்க வர்றே?"

"நவுருடி!"

தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மீனம்மா பாலுவோடு வெளியே வந்தபோது அவன் தலை பின்னால் தொங்கியது. உதடு நீலம் பாரித்திருந்ததை இங்கிருந்தே பார்க்க முடிந்தது. உள்ளங்காலில் அடித்தாள். கட்டைவிரலைச் சுண்டினாள், கிள்ளினாள். தொட்டித் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தாள். வாயில் வாயை வைத்து ஊதினாள். தனக்கோடி முள்கம்பியைப் பிடித்திருந்தாள். உள்ளங்கையில் முள் ஏறியது அவளுக்குத் தெரியவில்லை. மருதமுத்து கேட்டை உலுக்க, காவல்காரப் பையன் துப்பாக்கியைத் தூக்கினான். தூக்கினவன் தானும் மைதானத்தைப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே இறக்கினான்.

பூனைக்குட்டிச் சத்தம்போல் ஒன்று கேட்டது. மீனம்மா மறுபடி ஓங்கி அடித்தாள். இந்தத் தடவை பாலு அழுதான்.

"அழறான்டி! ஒம் புள்ள அழறான்டி!" என்று சுசீலாதான் முதலில் கத்தினாள். தனக்கோடியைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கம்பிப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா," என்று கூப்பிட்டாள், ரொம்ப மரியாதையாக. "என் பொண்ணையும் கொஞ்சம் எழுப்பிவுடுங்கக்கா."

மீனம்மா பாலுவைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். பாலுவின் அழுகை அந்த வீட்டுக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. வேறு சத்தம் எதுவும் அதோடு சேரவில்லை. மீனம்மா வெளியே வரவே இல்லை.

பட்டாளத்து லாரி வந்து கேட்டைத் திறந்ததும் எல்லாரும் ஓடினார்கள். சாம்பிராணி வாசத்துக்கு நடுவில் பாப்பாத்தி உட்கார்ந்து கமலவேணியின் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். மீனம்மா அந்தக் கயிற்றைப் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். பாப்பாத்தி விடவில்லை.

"தூங்குது. எழுப்பாதீங்க" என்றாள். யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனாள்: "கடுகளவு அபின், பால்ல கரைச்சித்தான். எங்கம்மா எனக்கு வச்சா, எம்புள்ளைங்களுக்கு நான் வச்சேன். யாரு செத்தா? முன்ன கொட்டாயில நான் பாத்தப்ப நீங்க வந்து பால் குடுப்பீங்க, முழிச்சிக்குமுங்க. இப்ப கேட்டத் தொறக்க மாட்டேங்கிறான். பசிச்சி அழுமேன்னு, இன்னைக்கு இன்னும் கொஞ்சம் வச்சேன். அழக்கூடாதுன்னுதானே எங்கிட்ட வுட்டீங்க? அழக்கூடாதுன்னுதானே எல்லாரும் சொன்னீங்க?"

சுசீலா சேலையை விலக்கித் தூக்கினாள்.

மற்றப் பிள்ளைகள் ஒவ்வொன்றாய் விழித்து அழுதன. கமலவேணி போனது காய்ச்சலில் என்று டிரஸ்ஸர் சொன்னார். காட்டுக்காரன் பெயரைச் சொன்னால் மூன்று ஜீப் வரும். பிள்ளை செத்தால் ஒரு சைக்கிள்கூட வராது. பாப்பாத்தியை அவள் மகன் தங்கா பத்து என்ற ஊர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அவளைத் திட்டவும் ஊருக்கு வாய் வரவில்லை.

மீனம்மா தன் விட்டத்திலிருந்து பச்சைச் சேலையை அவிழ்த்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் அரிவாளை வைத்து அறுத்தாள். கமலவேணியை அதில்தான் சுற்றினார்கள். இடுகாடு கம்பிக்கு வெளியே. கேட்டில் சோதனைக்காரி வழக்கம்போல் கையை நீட்டினாள், சேலையைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

தனக்கோடி பாலுவை மீனம்மாவிடமே திரும்ப விட்டாள். தூளி இல்லாத விட்டத்துக்குக் கீழே பிள்ளைகள் பழையபடி பாயில் கிடந்து அழுதன. மீனம்மாவின் கால் மட்டும் சும்மா இருக்கவில்லை. துணி கசக்கும்போது, கயிறு இல்லாத கட்டைவிரல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

சுசீலா வேலைக்கு வந்தாள். மரம் வெட்டினாள், பாலை நிறுத்தாள். மத்தியானம் ஆனதும் தனக்கோடி வீட்டு வாசலுக்கு வருவாள். உள்ளே வரமாட்டாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ரவிக்கை நனைந்திருக்கும். அவளுக்கு இன்னும் பால் வற்றவில்லை.

"இன்னைக்கு அழுதானா தனம்?"

முதல் நாள் தனக்கோடி, "அழுதான்டி" என்று சொன்னாள். சுசீலா நகரவில்லை. அப்படியே நின்றாள்.

தனக்கோடி மடியில் தூங்கிக்கொண்டிருந்த மகனைப் பார்த்தாள். பிறகு அவன் தொடையைப் பிடித்து நன்றாகக் கிள்ளினாள். அவன் வீரிட்டு அழுதான்.

அந்தச் சத்தம் அடங்கும்வரை கேட்டுவிட்டு, சுசீலா வீட்டுக்குப் போனாள்.